இதே பச்சைதான் வேணுமுங்க

மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். புளிச்சோறு, வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்த நேரத்தில் ஹாரன் சத்தம்கூடக் கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும். ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு வெள்ளை வேட்டி உள்ளே வந்தது.

"சாப்புடுங்க அம்மிணி, சாப்புடுங்க. நமக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க."

ஒட்டன்சத்திரம் தண்டபாணி. மளிகைச் சாமான்களுக்கு மொத்த ஏஜென்ட். பழனியிலிருந்து இந்தப் பக்கம் வடமதுரை, எரியோடு வரைக்கும் எந்தப் பெட்டிக்கடையில் எந்தப் பாக்கெட் தொங்க வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு காலி மசாலாக் கவரை எடுத்தார். என் மேஜையில் வைத்து, உள்ளங்கையால் நீவி நீவிச் சுருக்கம் எடுத்தார். கிராம்பும் பட்டையும் கலந்த வாசனை குப்பென்று வந்தது.

"இதே பச்சைதான் வேணுமுங்க. துளிகூட மாறக் கூடாதுங்க. நம்ம பேருல புதுசா ஒரு பிரியாணி மசாலா இறக்கறனுங்க."

வாய்க்குக் கொண்டுபோன சோற்றை டப்பாவிலேயே திரும்பப் போட்டேன். அந்தக் கவருக்கு டிசைன் போட்டவளே நான்தான். அந்தக் கவர் பேகம்பூர் ஹாஜிராவுடையது. அதைவிடப் பெரிய கொடுமை ஒன்று இருக்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். 'இந்தப் பச்சை விக்காதுங்க' என்று சொல்லிச் சொல்லி, ஹாஜிராவை அந்தக் கலரையே கைவிட வைத்தவர் இதே தண்டபாணிதான்.

போன வாரம் இந்தத் தொடரைப் படித்த ஒருவர், உங்கள் எழுத்தில் காரம் ஜாஸ்தி என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மன்னியுங்கள் ஐயா, இந்த வாரமும் குறையாது.

ஒரே சிவப்புச் சுவர்

பாக்கெட்டுக்கும் பெட்டிக்கும் கடைப் போர்டுக்கும் டிசைன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரு சாமானுக்கு எந்தக் கலர் என்று முடிவு செய்வது அதில் பாதி வேலை. முடிவு செய்த கலரை, சொந்தக்காரரின் மச்சான், மாமனார், ஜோசியர் ஆகியோரிடமிருந்து காப்பாற்றுவது மிச்சப் பாதி.

ஹாஜிரா முதலில் என்னிடம் வந்தது ஒரு மழை நாளில். புர்காவின் கீழோரம் முழுக்கச் சேறு. புருஷன் மன்சூர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர். நெஞ்சுச் சளி முற்றி வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்குப் பிரியாணி மசாலா அரைத்துக் கொடுத்துக் கொண்டிருந்தவள், அதையே பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று துணிந்துவிட்டாள். வீட்டு அடுப்பே இனிமேல் அந்தப் பாக்கெட்டை நம்பித்தான்.

"அக்கா, நல்லா செக்கச்செவேல்னு போடுங்க. பாத்தாலே காரம் நாக்குல ஏறணும்" என்றாள்.

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். அதனால் நான் யாருக்கும் என் மேஜையில் வைத்துக் கலர் எடுப்பதில்லை. நாலைந்து கலரில் தாளில் அடித்து, பாக்கெட் அளவுக்கு வெட்டி, எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போய்விடுவேன். வடமதுரையில் சரசு என்று ஒரு கடைக்காரம்மா. கடை முன்னால் ஷாம்பு, மசாலா, பாக்கு எல்லாம் சரம் சரமாகத் தொங்கும். அதற்கு நடுவே என் தாள்களையும் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்ப்பேன். ஆபீஸில் ஏசிக்கு அடியில் அழகாகத் தெரிகிற கலர் வேறு. தூசியும் வெயிலும் பஸ் புகையும் நடுவே தெரிகிற கலர் வேறு.

ஹாஜிராவையும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். "எங்கடீ இருக்கு உன் சிவப்பு?" என்றேன்.

அவள் தேடினாள். கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தேடினாள். மிளகாய்ப் பொடி சிவப்பு, சிக்கன் மசாலா சிவப்பு, மீன் மசாலா சிவப்பு, அப்பளக் கட்டு சிவப்பு. கடையே ஒரு சிவப்புச் சுவர். அதில் ஒரு தாள் மட்டும் தனியாக நின்றது. பச்சை.

"அதான் உன் கலரு."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "வேணாங்க்கா. நாங்க பச்சை போட்டா வேற மாதிரி பேசுவாக."

"போடி இவளே! புதினாவும் மல்லியும் இல்லாம பிரியாணியா? புதினா என்ன கலரு? கடையில தொங்குறதைக் கண்ணால பாத்து வாங்குவாங்களா, குலம் கோத்திரம் கேட்டு வாங்குவாங்களா?"

மறுநாள் மார்க்கெட்டிலிருந்து ஒரு புதினாக் கட்டு வாங்கி வரச் சொல்லி, இலையைத் தாள் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். கிளிப்பச்சை இல்லை, ராமர் பச்சையும் இல்லை. தண்ணீர் தெளித்த புதினாவை வெயிலில் பிடித்தால் வருமே, அந்தப் பச்சை. மதுரையில் கவர் அடிக்கிற இடத்துக்கே போய் உட்கார்ந்து, மை கலக்கிறவரின் உயிரை வாங்கி அந்தப் பச்சையைக் கொண்டுவந்தேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தப் பச்சையைக் கேட்டவள் ஹாஜிரா இல்லை. எடுத்தவள் நான். எங்கள் வீட்டில் வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போகிறவர்கள் உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு வயிறு எரியும்போது ஏனென்று புரியும்.

காலியாக இருக்கிற கலர் எது?

நம் ஊரில் ஒரு கலரைச் சும்மா ஒரு கலராக வைத்திருக்க விடுகிறார்களா, சொல்லுங்கள் பார்ப்போம்.

சிவப்பையும் கறுப்பையும் பக்கத்தில் வைத்தால் ஒரு கட்சி. நடுவே வெள்ளையைச் செருகினால் இன்னொரு கட்சி. மஞ்சளோடு பச்சை சேர்ந்தால் ஒரு சங்கம், மஞ்சளோடு சிவப்பு சேர்ந்தால் வேறொரு சங்கம். நீலத்தை எடுத்தால், 'யாரு, அந்த ஆளுங்களா?' என்று ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், அந்தப் பார்வைக்கே கையில் இருக்கிறதைத் தூக்கி எறியலாம் போலிருக்கும். காவி வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. மிச்சம் இருப்பது சாம்பலும் காப்பிக் கொட்டையும்தான். சாம்பல் கலரில் யார் தின்பண்டம் விற்பது?

ஒரு பரோட்டாக் கடைக்குச் சிவப்பும் கறுப்புமாகப் போர்டு போட்டுக் கொடுத்தேன். தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியும். தேர்தல் வந்தது. யாரோ வந்து போர்டு மேல் பழைய பேப்பரை ஒட்டி மூடிவிட்டுப் போனார்கள். ஓட்டுப் பெட்டி திறக்கிற வரைக்கும் அந்தக் கடைக்குப் பேரே இல்லை. கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார். நான் யாரைத் திட்டுவது?

எனக்கு இது புதுசும் இல்லை. படிப்பு முடித்த கையோடு ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் நான். அங்கே கறுப்பு மை என்று வாயால்கூடச் சொல்லக் கூடாது; மங்களமாக 'கருஞ்சிவப்பு' என்போம். ஒரு தடவை ஒரு வீட்டுப் பத்திரிகை கட்டாக அடித்து, மஞ்சள் தடவத் தயாராக இருக்கிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒன்றை எடுத்துப் பிரித்தார். அப்படியே கீழே போட்டார்.

"இது அவிங்க கொடிக் கலருல்ல? இதைத் தூக்கிக்கிட்டு நான் எங்க ஊருக்குள்ள எப்படிப் போவேன்?"

பொண்ணு யார், மாப்பிள்ளை யார், முகூர்த்தம் எப்போது என்று அவர் ஒரு வரி படிக்கவில்லை. மொத்தக் கட்டும் போச்சு. திரும்ப அடித்தோம். அந்தத் தம்பதிக்கு இப்போது காலேஜ் படிக்கிற பிள்ளை இருக்கிறது; தாய்மாமனோ அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டே ஊர்வலம் போகிறார், கட்சி மாறிவிட்டார். என்னத்தைச் சொல்ல!

"உங்களுக்கே தெரியுமுங்க"

ஹாஜிராவின் பச்சை ஓடியது. நன்றாகவே ஓடியது. சரசு கடையில் பெண்கள் வந்து, "அந்தப் பச்சைப் பாக்கெட்டு குடு" என்றுதான் கேட்பார்கள். பேர் சொல்லிக் கேட்டு நான் பார்த்ததில்லை. எரியோட்டிலும் அப்படித்தான். பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பும்போதும், "பச்சை பிரியாணிப் பொடி, மறந்துறாத" என்று சொல்லி அனுப்புவார்கள். என் தொழிலில் இதைவிட வேறு என்ன வேண்டும்?

அப்போதுதான் தண்டபாணி வந்து சேர்ந்தார். பழனி, ஒட்டன்சத்திரம் பக்கக் கடைகளுக்கெல்லாம் நானே போட்டுத் தருகிறேன் என்றார். ஹாஜிராவுக்குத் தலைகால் புரியவில்லை. மூத்த பெண்ணை மேலே படிக்க வைக்கலாம் என்று மன்சூரிடம் பேசிக்கூட வைத்துவிட்டாள். ரம்ஜானுக்குத் தண்டபாணி வீட்டுக்குப் பெரிய டப்பாவில் மசாலா கொடுத்து அனுப்பினாள்.

ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"பொடியில குறை ஒண்ணுமில்லீங்க. கலருதானுங்க. பச்சை நம்ம பக்கம் எடுபடாதுங்க. அது ஒரு மாதிரிங்க... உங்களுக்கே தெரியுமுங்க."

இந்த 'உங்களுக்கே தெரியும்' இருக்கிறதே, அதைப் போலக் கேவலமான பேச்சு வேறு இல்லை என்பேன். சொல்ல வேண்டியதை நேராகச் சொல்லித் தொலைத்தால் பதிலாவது சொல்லலாம். பாதியைச் சொல்லிவிட்டு, மீதியை நம் வாயில் திணித்துவிட்டுச் சிரிப்பது!

ஹாஜிரா என்னிடம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். நான் எகிறினேன். "விக்கிற கலரை எவளாவது மாத்துவாளா? வடமதுரையில விக்குது, எரியோட்டுல விக்குது, ஒட்டன்சத்திரத்துல மட்டும் கண்ணைக் குத்துதா?"

"நான் அப்பவே சொன்னேன்லக்கா, பேசுவாகன்னு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சிவப்பாக மாற்றிக் கொடுத்தேன். பாக்கெட் அவளுடையது, பிழைப்பு அவளுடையது. அவள் வீட்டு அடுப்பை வைத்துக்கொண்டு நான் வீறாப்புக் காட்ட முடியாது. கொஞ்ச நாளில் நான் பயந்தபடியே ஆனது. சிவப்புச் சுவரில் இன்னொரு சிவப்பு. "பச்சைப் பாக்கெட்டு வரலையா?" என்று கேட்டவர்களிடம் கடைக்காரர்கள், "அது நின்னு போச்சு" என்றார்கள். ஹாஜிரா நின்றுபோகவில்லை, அதே கடையில், அதே சரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தாள். யாருக்கும் தெரியவில்லை. பெட்டி பெட்டியாகச் சரக்கு திரும்பி வந்தது. "ஓடலைங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார் தண்டபாணி. மூத்தவள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

மறுபடியும் அந்தப் புளிச்சோறு

இப்போது புரிகிறதா, கையில் எடுத்த சோற்றை ஏன் டப்பாவிலேயே போட்டேன் என்று?

"இந்தக் கலரு விக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றேன். கையைக்கூடக் கழுவவில்லை.

"அது அப்பங்க" என்றார்.

"அப்பன்னா எப்ப? அந்தப் புள்ளை வித்துக்கிட்டிருந்தப்பவா?"

மனுஷனுக்கு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை. திருட வருகிறவன் இருட்டிலாவது வருவான். இவர் பட்டப்பகலில், எவள் அந்தக் கலரைக் கலந்தாளோ அவளிடமே வந்து உட்கார்ந்து, காலி கவரை நீவிக் காட்டுகிறார். அவருக்கு அது தப்பாகவே படவில்லை. ஏன் என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டதற்கு என்ன சொன்னார் தெரியுமா?

"உங்க கம்ப்யூட்டர்லதானுங்க அந்தக் கலரு இருக்கும்? வேற எடம் போனா கொஞ்சம் மாறிப்போயிருமுங்க."

டப்பாவை மூடினேன். எழுந்து போய் ஷட்டரைச் சத்தம் வர முழுசாக ஏற்றினேன். "குனியாம போங்க" என்றேன்.

கோபப்படாமல் எழுந்தார். கும்பிட்டார். "யோசிச்சுச் சொல்லுங்க அம்மிணி, கூலி நீங்க கேக்கறது" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா ஆச்சு?" என்றார். என்ன ஆச்சா! எனக்கு வந்த வார்த்தைகளை இந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

டூப்ளிகேட்டு

நான் இல்லாவிட்டால் ஊரில் வேறு ஆளா இல்லை? வேறு எங்கோ அடித்துவிட்டார். அடுத்த மாதம் கடைகளில் தொங்கியது. தண்டபாணி பிரியாணி மசாலா. பச்சை கொஞ்சம் அழுத்தம். எனக்குத் தெரியும், மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. மூலையில் ஒரு மயில் இறகு.

மயில் இறகு! ஆட்டுக்கறிக்கும் கோழிக்கறிக்கும் போடுகிற பொடி மேல் மயில் இறகு! பழனிக்கு மாலை போட்ட வீட்டில் கறிச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள், முட்டையைக்கூடத் தொட மாட்டார்கள். அந்தச் சாமியின் இறகைப் பிடுங்கிக் கறிப் பொடியில் ஒட்டியிருக்கிறார். அதற்கு எந்த ஊரிலும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹாஜிராவிடம் பழைய பச்சைக் கவர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் பொடியை நிரப்பிக்கொண்டு, "வாங்கக்கா, சரசம்மா கடையிலயாவது போட்டுப் பாப்போம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வடமதுரை பஸ் ஏறினாள். எனக்கு மனசே இல்லை. ஆனாலும் போனேன்.

சரசு பாக்கெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பொல்லாதவள் இல்லை, நல்ல மனுஷிதான்.

"ஏத்தா, தண்டபாணி பாக்கெட்டு மாதிரியே போட்டிருக்கியே, டூப்ளிகேட்டா? சனம் என்னையில்ல ஏசும்" என்றாள்.

நான் கத்தினேன். யார் முதல், யார் பின்னால், யார் யாரைப் பார்த்து அடித்தது என்று ரோட்டில் நின்று கத்தினேன். சரசு பயந்துபோய், "எனக்கென்னத்தா தெரியும்? முன்னாடி ஒரு பச்சை வந்துச்சு, நின்னுச்சு, இப்ப மறுபடி வருது. நான் அதுதான் இதுன்னு நெனச்சேன்" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். ஹாஜிராவின் கைப்பக்குவத்துக்கு வந்த நல்ல பேரையெல்லாம் சேர்த்து அந்தப் பச்சை தூக்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுத்துவிட்டது. நான்தானே அப்படி ஒரு பச்சையை எடுத்தேன்! தூரத்திலிருந்து பார்த்தால்கூட அடையாளம் தெரிகிற பச்சை!

ஹாஜிரா பாக்கெட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "ஒட்டன்சத்திரம் போவோமாக்கா?" என்றாள்.

டீ சாப்புடுங்க

தண்டபாணியின் குடோன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில். வெளியே தக்காளிப் பெட்டிகளும் முருங்கைக்காய்க் கட்டுகளும் ஏறிக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். துண்டால் நாற்காலியைத் துடைத்தார்.

"வாங்க, வாங்க. டீ சாப்புடுங்க. வெயில்ல வந்திருக்கறீங்க."

அந்த மரியாதை இருக்கிறதே! கையை ஓங்கிக்கொண்டு வந்தால் நாமும் ஓங்கலாம். 'ங்க' போட்டுப் பேசுகிறவரை என்ன செய்வது? டீயை நான் தொடவில்லை. ஹாஜிராவும் தொடவில்லை. பாக்கெட் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளுடையது ஒன்று, அவருடையது ஒன்று.

"அண்ணே, நான் சண்டைக்கு வரலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்கிட்ட பச்சை எடுபடாதுன்னு சொன்னீங்க. நம்பி மாத்துனேன். என் பொண்ணு படிப்பு நின்னு போச்சு. உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே எடுபட்டுச்சு?"

தண்டபாணி இரண்டு பாக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பொய் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்கு வழி சொல்கிற மாதிரி, நிதானமாக, அன்பாகச் சொன்னார்.

"கலரு ஒண்ணுதானுங்க. பேருதானுங்க வேற. உங்க பேருல தொங்குனா அது உங்காளுங்க பச்சைங்க. நம்ம பேருல தொங்குனா அது முருகன் பச்சைங்க. பழனிக்கு நடக்கற சனம் பூராப் பச்சை வேட்டிதானுங்க கட்டுது? சனம் அப்பிடிப் பாக்குதுங்க. நான் என்னங்க பண்றது?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "யோவ்!" என்றேன். அந்த 'யோவ்' எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. "அந்தப் பச்சையை எடுத்தது அவ இல்லைய்யா, நான். எங்க வீட்டுல பச்சை வேட்டி கட்டிப் பழனிக்கு நடந்த ஆளுக இருக்காங்க. நான் எடுத்தா அது யார் பச்சை? சொல்லும்! மாலை போட்டவன் கறி திம்பானா? கறிப் பொடிக்கு மயிலிறகு ஒரு கேடா?"

"மயிலிறகு டிசைன்காரன் வெச்சதுங்க அம்மிணி" என்றார்.

மூட்டை தூக்குகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஹாஜிரா என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"ரம்ஜானுக்குக் குடுத்த பொடி நல்லா இருந்துச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"ஏனுங்க, சூப்பருங்க" என்றார் தண்டபாணி. உண்மையாகவே முகம் மலர்ந்தது. "எங்கூட்ல இப்பவும் உங்க பொடிதானுங்க. ஊட்டுக்காரம்மா வேற எதையும் அடுப்புல ஏத்த உடறதில்லீங்க. டவுனுக்கு வர்றப்பெல்லாம் தேடிப் பிடிச்சு வாங்கிட்டுத்தானுங்க வருவேன்."

தன் பேர் போட்ட பொடியை அவர் வீட்டில் சமைப்பதில்லை. அதைச் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட இல்லை! வாயில் அவள் ருசி இனிக்கிறது. கடையில் அவள் பேர் மட்டும் கசக்கிறது. நான் எத்தனையோ அயோக்கியர்களைப் பார்த்திருக்கிறேன், ஏமாற்றுகிறோம் என்று அவர்களுக்காவது தெரிந்திருந்தது. இவர் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிற மனுஷன். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் போகிறது.

ஹாஜிரா எழுந்தாள். தன் பாக்கெட்டை மட்டும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "வாரேண்ணே" என்றாள். வருகிறேன் என்று அவரிடம் போய்ச் சொன்னாளே என்று எனக்கு அவள் மேலேயே ஆத்திரமாக வந்தது.

மதுரையில், மெஷின் முன்னால்

திண்டுக்கல்லுக்குத் திரும்பப் பஸ் ஏறினோம். நான்தான் பொருமிக்கொண்டே வந்தேன். ஊதாப் போடலாம், ஊதா எந்தக் கட்சியிலும் இல்லை என்றேன். வெள்ளையில் போடலாம் என்றேன். கவரே இல்லாமல் கண்ணாடி டப்பாவில் அடைக்கலாம் என்றேன். இத்தனை வருஷம் கலர் விற்றுப் பிழைத்தவள், ஒரு கலருக்கு வழியில்லாமல் உளறிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உம் கொட்டினாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, "மதுரைக்கு எப்ப போகலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

கையில் இருந்த நகையில் ஏதோ ஒன்றை அடகு வைத்திருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

கவர் அடிக்கிற இடத்தில் புது டிசைனைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்தேன். அதுவரை முன்பக்கத்தில் 'பிரியாணி மசாலா' என்பதுதான் கொட்டையாக இருக்கும். 'ஹாஜிரா' என்பது மேலே, குட்டியாக, நெற்றிப் பொட்டு மாதிரி. எழுத்தைப் பெரிசாக்கச் சொன்னாள். ஆக்கினேன். இன்னும் என்றாள். ஆக்கினேன். பாக்கெட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அவள் பேர் வந்து நின்றது. நான் சும்மா இருக்காமல், "யோசிச்சுக்கடீ. இருக்குற கடையும் போயிரப் போகுது. பழனிப் பக்கம் ஒருத்தன் தொட மாட்டான்" என்றேன்.

"தொட வேணாம்" என்றாள். "பேரு தெரியாம தொங்குனப்பதான் தூக்கிட்டுப் போனாக."

மை கலக்கிறவர் எங்களுக்குப் பழக்கமான ஆள்தான். "என்ன கலரும்மா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், எப்போதும் நான்தானே சொல்வேன். நான் ஊதா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"பச்சை" என்றாள் ஹாஜிரா.

"ஏய், டூப்ளிகேட்டும்பாங்கடீ! உங்காளுங்க பச்சைம்பாங்க, அவரு பச்சைம்பாங்க..."

"சொல்லட்டும்க்கா. அன்னைக்கு நீங்க எடுத்துக் குடுத்தப்ப பச்சை வேணாம்னு பயந்தது நாந்தான். இன்னைக்குக் கேக்குறதும் நாந்தான். அது யாரோட பச்சையும் இல்ல, என் பச்சை."

மை கலக்கிறவர் திரும்ப என்னைப் பார்த்தார்.

"என்னைய எதுக்குய்யா பாக்குறீரு?" என்றேன். "பாக்கெட்டுக்காரி அவதான? அவ சொன்னதைக் கலக்கும்."